ஜெர்மன் காற்றாலைகளுக்கு வார்ப்படம்: ஃபவுண்டரிக்காரர்களுக்கு முதல் ஏற்றுமதி வழிகாட்டி

2030-க்குள் நிலத்தில் 115 ஜிகாவாட், கடலில் 30 ஜிகாவாட் காற்றாலை நிறுவுவது என ஜெர்மனி சட்டத்திலேயே இலக்கு வைத்திருக்கிறது. அதற்கு வேண்டிய வார்ப்படங்களில் கோவை ஃபவுண்டரிகளால் செய்ய முடிந்தவை நிறைய உண்டு.

1. பொருளைத் தேர்ந்தெடுங்கள். ஹப் (இறக்கைகள் பொருந்தும் நடுப்பகுதி), மெயின் ஃபிரேம் (இயந்திரத்தைத் தாங்கும் சட்டம்) எல்லாம் பத்து டன்னுக்கு மேல் போகும். அந்த அளவுக்குக் கிரேனும் உருக்கும் வசதியும் இல்லாதவர்கள் பேரிங் ஹவுசிங், டார்க் ஆர்ம், கியர்பாக்ஸ் கவர் ஆகியவற்றில் தொடங்கலாம்.

2. முதலில் உள்ளூரில் விற்றுப் பாருங்கள். காற்றாலை கியர்பாக்ஸ் செய்யும் நிறுவனங்களான ஃபிளெண்டருக்கு வாலாஜாபாத்திலும், இசட்.எஃப். விண்ட் பவருக்குக் கோவையிலும் ஆலை இருக்கிறது. அங்கே சப்ளையர் பட்டியலில் ஏறிவிட்டால் ஐரோப்பாவில் உள்ள கொள்முதல் பிரிவை அணுகுவது எளிது. இரட்டைப்படை ஆண்டுகளில் செப்டம்பர் மாதம் ஹாம்பர்க்கில் நடக்கும் காற்றாலைக் கண்காட்சிக்கு அதன் பிறகு போனால் போதும். கையில் சாம்பிள் அறிக்கை இல்லாமல் ஸ்டால் போடுவது வீண் செலவு.

3. சாம்பிளைத் தேற்றுங்கள். பெரும்பாலானவர்கள் தடுக்கி விழும் இடம் இதுதான். வழக்கமாகக் கேட்கப்படும் கிரேடு, ஐரோப்பாவின் ஈ.என். 1563 தரநிலையின் ஜி.ஜே.எஸ்-400-18-எல்.டி. (குளிர் தாங்கும் டக்டைல் இரும்பு). இதை மைனஸ் 20 டிகிரியில் சார்பி சோதனைக்கு (துண்டைச் சுத்தியலால் அடித்து உடைத்து, அது உள்வாங்கும் ஆற்றலை அளப்பது) உட்படுத்துவார்கள். சுவர்த் தடிமன் 60 மி.மீ. வரை என்றால் மூன்று துண்டுகளின் சராசரி 12 ஜூல் வர வேண்டும். எந்த ஒரு துண்டும் 9-க்குக் கீழே போகக் கூடாது. இழுவிசைச் சோதனையில் அழகாகத் தேறிய ஹீட்கூட (ஒரு முறை உருக்கிய உலோகம்) இதில் விழும். காரணம் பெரும்பாலும் சிலிக்கான்தான். அதை 2 சதவீதத்தை ஒட்டியே வைத்திருங்கள். கூடக்கூட இரும்பு குளிரில் நொறுங்கும். பாஸ்பரஸ் 0.03-க்குள், மாங்கனீசு 0.2-க்குள் இருக்கட்டும். மலிவு ஸ்கிராப்பில் மாங்கனீசும் தாமிரமும் கலந்து வந்து, இரும்பைக் கடினமாக்கும் பெர்லைட்டை ஏற்றிவிடும். எனவே ஸ்கிராப்பை லாரியிலிருந்து இறக்கும்போதே ஸ்பெக்ட்ரோமீட்டரில் பாருங்கள்.

ஒவ்வொரு ஹீட்டுக்கும் ஈ.என். 10204 தரநிலைப்படி 3.1 சான்றிதழ் (அந்த ஹீட்டின் சோதனை முடிவுகள் அடங்கியது) வேண்டும். வார்ப்படத்தில் உள்ள ஹீட் எண்ணும் சான்றிதழில் உள்ள எண்ணும் பொருந்தவில்லை என்றால் அந்த லாட்டையே நிராகரிப்பார்கள். ஷாட் பிளாஸ்டிங்கில் எண் தேய்வது உண்டு, ஆழமாகப் பதியுங்கள்.

4. உள்ளூர் ஆவணங்கள். வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகமான டி.ஜி.எஃப்.டி.யின் தளத்தில் ஏற்றுமதி-இறக்குமதிக்கான ஐ.இ.சி. எண் (கட்டணம் 500 ரூபாய்), சுங்கத் துறையின் ஐஸ்கேட் தளத்தில் வங்கியின் ஏ.டி. கோடு (அந்நியச் செலாவணி வரும் வங்கிக் கிளையின் குறியீடு) பதிவு, ஜி.எஸ்.டி. கட்டாமல் அனுப்ப எல்.யூ.டி. என்ற உறுதிமொழி, பொறியியல் ஏற்றுமதிக் கவுன்சிலான இ.இ.பி.சி.யின் உறுப்பினர் சான்றிதழ். எல்லாம் இணையவழி வேலைதான். ஏ.டி. கோடு பதிவாகாவிட்டால் ஷிப்பிங் பில் (சுங்கத்துக்கான ஏற்றுமதி ஆவணம்) போட முடியாது என்பதால் அதை முதலில் முடியுங்கள்.

5. எச்.எஸ். குறியீடும் (சுங்கம் பொருளை வகைப்படுத்தும் எண்) கார்பன் வரியும். 2026 ஜனவரி முதல் ஐரோப்பிய ஒன்றியத்தின் கார்பன் எல்லை வரி (உற்பத்தியில் வெளியான கார்பனுக்கு இறக்குமதியில் விதிப்பது) முழு நடைமுறைக்கு வந்துவிட்டது. அந்த வரியின் மூலப் பட்டியலில் போல்ட், நட் (7318), கோபுர அமைப்புகள் (7308), பிற இரும்பு, எஃகுப் பொருள்கள் (7326) ஆகியவை உண்டு. வார்ப்படப் பொருள்களுக்கான 7325-உம் ஜெனரேட்டர் பாகங்களுக்கான 8503-உம் இல்லை. அதனால் குறியீட்டை நீங்களே ஊகிக்காமல், வாங்குபவரின் சுங்க முகவரிடம் எழுத்தில் உறுதி வாங்குங்கள். பட்டியல் மாறக்கூடியது, ஒவ்வொரு ஆர்டருக்கும் புதிதாகப் பாருங்கள். உலையின் மின் பயன்பாட்டை ஒரு டன்னுக்கு எத்தனை யூனிட் என்று இப்போதே குறித்து வையுங்கள். வரி இல்லாவிட்டாலும் அந்தக் கணக்கைக் கேட்கிறார்கள்.

6. விலை. கன்டெய்னர் சரக்குக்கு எஃப்.ஓ.பி.யைவிட (கப்பலில் ஏற்றும்வரை பொறுப்பு உங்களுடையது) எஃப்.சி.ஏ. (வாங்குபவரின் சரக்கு முகவரிடம் ஒப்படைப்பதோடு பொறுப்பு முடியும்) பொருத்தம். கடன் தவணை கேட்டால், அரசின் ஏற்றுமதிக் கடன் காப்பீட்டு நிறுவனமான இ.சி.ஜி.சி.யில் காப்பீடு எடுத்த பிறகே சம்மதியுங்கள்.

7. பேக்கிங். மரப்பெட்டியில் ஐ.எஸ்.பி.எம்-15 முத்திரை (மரத்தில் பூச்சி இல்லை என்பதற்கான சர்வதேச அடையாளம்) கட்டாயம்: மரத்தின் நடுப்பகுதி 56 டிகிரியில் 30 நிமிடம் சூடாகியிருக்க வேண்டும். முத்திரை இருந்தாலும் மரம் காய்ந்திருக்கும் என்று நம்பாதீர்கள். ஈர மரம் கன்டெய்னருக்குள் வியர்த்து, மெஷினிங் செய்த முகத்தில் துரு பிடிக்க வைக்கும். ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கிறதா என்று மீட்டர் வைத்துப் பாருங்கள். மெஷினிங் முகத்துக்குத் துருத்தடுப்பு எண்ணெய் பூசி, துருவைத் தடுக்கும் ஆவியை வெளிவிடும் வி.சி.ஐ. பையில் போட்டு, உள்ளே சிலிக்கா ஜெல் வையுங்கள். கதவு மூடுமுன் எடுத்த படங்களைப் பேக்கிங் லிஸ்ட்டோடு அனுப்பிவிடுங்கள். சேதப் புகார் வந்தால் பேச அதுதான் ஆதாரம்.