வீட்ல இருந்தே வேலை தேடறீங்களா, இந்தத் தப்பெல்லாம் பண்ணாதீங்க

மொதல் தப்பே தேடுற விதத்துல தான். "ஒர்க் ஃப்ரம் ஹோம், அனுபவம் தேவையில்ல, தினமும் 2000" இப்படித் தேடினா வந்து நிக்கிறது முக்கால்வாசி டுபாக்கூர் தான். உங்களுக்கு டாலி தெரியும், ஜிஎஸ்டி ரிட்டர்ன் போடத் தெரியும், பத்தாவது கணக்கு சொல்லித் தரத் தெரியும், வீடியோ எடிட்டிங் தெரியும்னா அந்த வேலையோட பேரைப் போட்டுத் தேடுங்க, கம்ப்யூட்டர் வழியா வந்து கம்ப்யூட்டர் வழியாவே போற வேலை எதுவா இருந்தாலும் வீட்ல உக்காந்து பண்ணலாம்.

அடுத்தது டேட்டா என்ட்ரி. ரிஜிஸ்ட்ரேஷன் ஃபீஸ் கேட்டா ஓடிடணும்னு இப்ப எல்லாருக்கும் தெரியும், அதனால ஏமாத்துறவனுங்க ரூட்டை மாத்திட்டாங்க. காசே கேக்க மாட்டான், ஆதார் வாங்கி அக்ரிமென்ட்ல சைன் மட்டும் போடச் சொல்லுவான். வர்ற ஃபார்ம் எல்லாம் மங்கலான ஃபோட்டோ, 3-ஆ 8-ஆன்னே தெரியாது, ராத்திரி பகலா அடிச்சுக் குடுத்தா "90 சதவீதம் அக்யூரசி வரல, கான்ட்ராக்டை மீறிட்டீங்க, நஷ்ட ஈடு கட்டுங்க"ன்னு கோர்ட் சீல் மாதிரி ஒண்ணு குத்தி வக்கீல் நோட்டீஸ்னு வாட்ஸ்அப்ல பிடிஎஃப் வரும். பயந்துபோய் கட்டிடாதீங்க, ஒருதடவ கட்டினா திரும்பத் திரும்பக் கேப்பான். கான்ட்ராக்ட் மீறல்ங்கிறது சிவில் விவகாரம், அதுக்கெல்லாம் போலீஸ் வந்து தூக்கிட்டுப் போக மாட்டாங்க.

டெலிகிராம்ல லைக் போடற வேலையும் அதே கதை தான், மொதல்ல நூறு இருநூறு நிஜமாவே அக்கவுண்ட்ல விழும், அப்புறம் "ப்ரீபெய்டு டாஸ்க்"னு உங்க காசைப் போடச் சொல்லுவான். போட்டுட்டீங்கன்னா வீட்டுக்குத் தெரிஞ்சா திட்டுவாங்கன்னு மறைச்சு வைக்காம உடனே சைபர் க்ரைம் ஹெல்ப்லைன் 1930-க்கு போன் போடுங்க, பணம் கை மாறிட்டே போறதுக்குள்ள சொன்னா தான் பேங்க்ல நிறுத்தி வைக்க வாய்ப்பிருக்கு. கமிஷன் தர்றோம் உங்க அக்கவுண்டை யூஸ் பண்ணிக்கறோம்னு எவனாவது கேட்டா சத்தியமா குடுக்காதீங்க, அக்கவுண்ட் ஃப்ரீஸ் ஆகும், கேஸ்ல உங்க பேரும் வரும்.

மெடிக்கல் கோடிங், அதாவது பேஷன்ட்டோட நோய், சிகிச்சை விவரத்தை இன்சூரன்ஸ் பில்லுக்காக கோடா மாத்துற வேலை, நல்ல ஃபீல்டு தான். ஆனா கோர்ஸ் முடிச்ச கையோட வீட்ல இருந்தே வேலைன்னு இன்ஸ்டிட்யூட்காரங்க சொல்றத அப்படியே நம்பி ஃபீஸ் கட்டாதீங்க, பேஷன்ட் ரெக்கார்டு சம்பந்தப்பட்டதுங்கிறதால நிறைய கம்பெனில ஃப்ரெஷரை ஆபீஸ்ல வச்சுப் பழக்கின பிறகு தான் வீட்டுக்கு அனுப்புவாங்க. ஏஆர் காலிங்னா, அதாவது வராத மெடிக்கல் பில் பணத்துக்காக அமெரிக்க இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்கு போன் போடற வேலைன்னா, அமெரிக்கா டைம், நைட் ஷிஃப்ட், அது தெரியாம சேர்ந்துட்டு புலம்புறவங்க நிறைய.

கரண்ட் கதையும் இருக்கு. ஈபி பராமரிப்புன்னு காலைல போனா சாயந்திரம் தான் வரும், அதுக்காக ஒவ்வொரு தடவையும் லீவு சொல்ல முடியுமா? ரவுட்டருக்கு ஒரு மினி யுபிஎஸ் வாங்கி வைங்க, லேப்டாப் பேட்டரியும் செத்துக் கிடக்குதான்னு பாத்துக்கோங்க.

ஃப்ரீலான்ஸா பண்றவங்க டிடிஎஸ்ஸை, அதாவது காசு குடுக்கும்போதே வரியா புடிச்சுக்கறதை, சும்மா விட்டுடறாங்க. பெரும்பாலும் 10 சதவீதம் புடிச்சுட்டு தான் குடுப்பாங்க, வருமானம் வரி கட்ற அளவுக்கு இல்லன்னா ரிட்டர்ன் போட்டா அது திரும்பி வரும், இன்கம் டாக்ஸ் போர்ட்டல்ல லாகின் பண்ணி உங்க பான்ல எவ்வளவு நிக்குதுன்னு ஒரு தடவ பாருங்க.