எல்லாவற்றுக்கும் ‘வளவள’ போடாதீர்கள்

ஒரு மாத இதழில் 22 வருடம் உதவி ஆசிரியராக இருந்தேன். வருகிற கட்டுரைகளைப் படித்து, ஓரத்தில் பென்சிலால் குறிப்பு எழுதித் திருப்பி அனுப்புவது என் வேலை. ஆரம்பத்தில் எனக்குத் தெரிந்த குறிப்பு ஒன்றுதான்: ‘வளவள’. அதைப் பார்த்த ஒருவர் கட்டுரையைப் பாதியாகக் குறைத்து அனுப்பினார். உருப்படியாக இருந்த பாதியை வெட்டிவிட்டு, மற்றதை அப்படியே வைத்திருந்தார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. எங்கே வலி என்று சொல்லாமல் மாத்திரை கொடுத்தவன் நான்.

அதிலிருந்து, நீளம் எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று முதலில் பார்ப்பேன். தொடக்கத்தில் என்றால் ‘பீடிகை’ என்று எழுதுவேன். ஊர்க் கண்மாயைப் பற்றிய கட்டுரை ‘நீரின்றி அமையாது உலகு’ என்று ஆரம்பித்து, கரிகாலன் கல்லணை கட்டியதைச் சொல்லி, மூன்றாம் பக்கத்தில்தான் கரையேறும். இதற்கு மருந்து சுலபம். முதல் இரண்டு பக்கத்தை மறைத்துக்கொண்டு படித்துப் பாருங்கள், ஒன்றும் குறையாது.

சொன்னதையே திருப்பிச் சொன்னால் ‘அரைத்த மாவு’. பவணந்தி முனிவர் 13ஆம் நூற்றாண்டிலேயே தன் இலக்கண நூலான நன்னூலில் இதைக் குற்றமாக எழுதிவைத்துவிட்டார்: கூறியது கூறல். ஒரு நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்கள் என்று அவர் போட்ட பட்டியல் என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் கடைசிவரை கிடந்தது. அதில் ‘மற்றொன்று விரித்தல்’ எனக்குப் பிடித்தது. தென்னை மரத்தைப் பற்றி எழுதச் சொன்னால், அதில் கட்டியிருந்த பசுவைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதினானே ஒரு பையன், அவன் செய்தது அதுதான். ‘சென்று தேய்ந்து இறுதல்’ இன்னொன்று. தேர் மாதிரி கிளம்பி, தெருமுனை தாண்டுவதற்குள் படுத்துவிடும் கட்டுரைகளுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடையாது. ஆனால் ஒன்று, அந்தப் பட்டியலில் முதலில் நிற்பது ‘குன்றக் கூறல்’. அதாவது போதாமல் சொல்வது. ‘மிகைபடக் கூறல்’ அதற்கு அடுத்துத்தான்.

இந்த மிகை பெரும்பாலும் பக்கக் கணக்கில் இருக்காது, வாக்கியத்துக்குள் இருக்கும். ‘கண்மாயினைத் தூர்வாரும் பணியானது தற்போது மேற்கொள்ளப்பட்டு வருகின்ற நிலையில் உள்ளது’ என்று ஒருவர் எழுதியிருந்தார். ‘பணியானது’ என்பதை எடுங்கள். ‘மேற்கொள்ளப்பட்டு’ போகட்டும். ‘வருகின்ற’ என்று சொன்ன பிறகு ‘தற்போது’ எதற்கு? ‘நிலையில்’ சும்மா நிற்கிறது. மிச்சம்: ‘கண்மாயைத் தூர்வாருகிறார்கள்.’ அப்புறம்தான் எனக்கே உறைத்தது, யார் தூர்வாருகிறார்கள் என்பதை அந்த நீள வாக்கியம் சொல்லவே இல்லை.

அங்கேதான் அடுத்த குடும்பம் வருகிறது. மழுப்புவது, பூசி மெழுகுவது, மென்று விழுங்குவது, வழவழா கொழகொழா. இவையெல்லாம் எதையோ ஒளிக்கிற பேச்சு. நான்கும் ஒன்றல்ல. மழுப்புகிறவர் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் நழுவுகிறார். பூசி மெழுகுகிறவர் நடந்த தப்பின் மேல் சாணி மெழுகுகிறார். மென்று விழுங்குகிறவருக்குச் சொல்லிவிட ஆசைதான், பயம் விடவில்லை. வழவழா கொழகொழாக்காரர் எந்தப் பக்கமும் சாய மாட்டார். இவர்களுக்கு ‘சுருக்குங்கள்’ என்று குறிப்பு எழுதினால் சுருக்கமாக மழுப்புவார்கள், அவ்வளவுதான். ‘யார்? எவ்வளவு? எப்போது?’ என்று ஓரத்தில் கேள்வியாகவே எழுதிவிடுங்கள்.

அறுவை, பிளேடு, மொக்கை ஆகிய மூன்றையும் குறிப்பில் எழுதவே கூடாது. அவை கேட்டவன் பட்ட பாட்டைச் சொல்கின்றன, எழுதியவன் என்ன செய்யவேண்டும் என்று சொல்வதில்லை. ‘நீட்டி முழக்குவது’ மேடைக்கு உரியது. ‘தொணதொணப்பு’ வீட்டுக்கு உரியது, கட்டுரைக்கு ஒட்டாது. ‘விலாவாரியாக’ என்பதைச் சிலர் திட்டாக நினைக்கிறார்கள். அது திட்டே அல்ல. ஒருவர் மாட்டுக்குப் பிரசவம் பார்ப்பதை ஏழு பக்கம் எழுதி அனுப்பியபோது, நான் ஒரு வரிகூட வெட்டவில்லை.

கடைசியாக, ‘சுற்றி வளைப்பது’. இதை எழுத்தில் பார்த்தால் தயங்காமல் கோடு போடுங்கள். பேச்சில் கொஞ்சம் பொறுங்கள். என் மாமா ஒருமுறை வீட்டுக்கு வந்தார். வெற்றிலையை மடித்தபடி மழையைப் பற்றிச் சொன்னார், அப்புறம் வெல்லம் விற்கிற விலை, பிறகு பேரனின் பள்ளிக்கூடம். பள்ளிக்கூடம் என்றதுமே எனக்குப் புரிந்துவிட்டது. பென்சில் பிடித்த கை சும்மா இருக்குமா? “சரி மாமா, எவ்வளவு வேணும்?” என்று கேட்டுவிட்டேன். தேவைப்பட்டது இரண்டாயிரம்தான். மடித்த வெற்றிலையை வாயில் போடாமல் தட்டிலேயே வைத்துவிட்டு, “அதுக்கு வரலப்பா, சும்மா பாத்துட்டுப் போகலாம்னு வந்தேன்” என்று செருப்பைத் தேடினார்.