யூஎஸ்பி டயல்-அப் மோடத்தை லினக்ஸில் ஓட வைத்தேன்

ஊரில் அப்பா வீட்டில் அப்போது இணையத்துக்கு லேண்ட்லைனை விட்டால் வேறு வழியில்லை. 56கே யூஎஸ்பி மோடம் வாங்கி, உபுண்டு லினக்ஸ் ஓடும் கணினியில் செருகினேன், விளக்கு எரிந்தது, ஆனால் மோடம் வழியாக டயல் செய்யும் டபிள்யூவிடயல் (wvdial) நிரலை ஓட்டினால் மோடம் பதில் சொல்லவில்லை என்றே வந்தது.

மோடத்தைக் கழற்றிச் செருகிவிட்டு கணினியின் உள் செய்திகளைக் காட்டும் டிமெசேஜ் (dmesg) கட்டளையின் கடைசி வரிகளைப் பார்த்தேன், அங்கே யூஎஸ்பி மோடங்களுக்கான சிடிசி-ஏசிஎம் (cdc-acm) டிரைவர் அதை அழகாகப் பிடித்து டிடிஒய்ஏசிஎம்0 (ttyACM0) என்று பெயரும் கொடுத்திருந்தது. டபிள்யூவிடயலுக்கான என் கான்ஃபிக் கோப்பிலோ பழைய சீரியல் போர்ட்டான டிடிஒய்எஸ்0 (ttyS0)! மாற்றினேன். அடுத்து அனுமதி மறுப்பு, அதற்கு என் பயனர் பெயரை, மோடத்தைப் பயன்படுத்த அனுமதி உள்ள டயல்அவுட் (dialout) குழுவில் சேர்த்து, லாக்அவுட் செய்து மறுபடி உள்ளே வந்ததும் சரியானது.

அப்புறம்தான் உண்மையான தலைவலி. ரிசீவரை எடுத்தால் டயல்டோன் நன்றாகக் கேட்கிறது, மோடம் மட்டும் டயல்டோன் இல்லை என்கிறது. மோடத்துக்கு அனுப்பும் தொடக்கக் கட்டளையில் ஏடிஎக்ஸ்3 (ATX3) சேர்த்தேன், அதாவது டோனுக்குக் காத்திருக்காமல் நேராக எண்ணைச் சுழற்று என்று. மோடம் இணையும்போது வரும் கிர்ர்ர் என்ற அந்தச் சத்தம் வந்ததும் அப்பா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

வாங்கும் முன் ஒன்று கவனியுங்கள்: வேலையைக் கணினியின் தலையில் கட்டும் சாஃப்ட்மோடம் வேண்டாம், கன்ட்ரோலர் உள்ளேயே இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள்.