மாரிக்குள் கோழியை அடைவைத்துக் குஞ்சு எடுப்பது எப்படி?

கார்த்திகை பிறந்தால் மட்டக்களப்பில் வாடைக்காற்றும் மழையும்தான். "மாரிக்குள் அடைவைக்காதே, குஞ்சு நிற்காது" என்று சொல்லி, அடைக்கு வந்த கோழியைப் பலர் கலைத்து விடுகிறார்கள். அது தேவையே இல்லை. நம்முடைய மாரி இரவு 22, 23 பாகைக்குக் கீழே போவது அபூர்வம். கோழியின் உடம்புச் சூடோ 41 பாகை அளவில் இருக்கும். இந்தக் குளிர் அதற்கு ஒரு பொருட்டல்ல. குஞ்சுகளைக் கொல்வது ஈரம். கூடும் தாயும் காய்ந்திருந்தால் மற்றதைத் தாயே பார்த்துக்கொள்ளும்.

1. அடைதானா என்று பாருங்கள்

முட்டையிட்ட பிறகும் எழும்பாமல் கிடக்கும். பொழுதுபட்டால் மரத்தில் ஏறாது. கையை நீட்டினால் இறகைச் சிலிர்த்து உறுமும். வயிற்றைத் தடவினால் இறகு உதிர்ந்து வெறுந்தோல் சூடாகத் தெரியும். இரண்டு இரவு விட்டுப் பாருங்கள். மூன்றாம் நாளும் அப்படியே கிடந்தால் நம்பி முட்டை வைக்கலாம். இதற்கு ஊர்க்கோழிதான் சரி.

2. இடம்

மழை சாரலடிக்காத, தரையை விட்டு இரண்டு அடியாவது உயர்ந்த இடம் வேண்டும். அடுப்படியின் ஒரு மூலை, விறகுக் கொட்டில், தாழ்வாரம் எதுவானாலும் சரி. உயரம் வெள்ளத்துக்காக மட்டுமல்ல. வளவில் தண்ணீர் ஏறினால் பாம்பும் கீரியும் காய்ந்த இடம் தேடித்தான் வரும். 2011 ஜனவரி வெள்ளத்தைக் கண்டவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. ஆகவே கூட்டைச் சுற்றி நெருக்கமான கம்பிவலை கட்டாயம். வாடைக்காற்று வரும் வடகிழக்குப் பக்கத்தில் பழைய யூரியாப் பையைப் பிரித்துக் கட்டிவிடுங்கள். நாலு பக்கமும் மூட வேண்டாம். காற்றோட்டம் இல்லாவிட்டால் உள்ளே புழுக்கம் பிடித்துக் கூடு நனைந்துபோகும்.

ஒரு கடகத்தில் நாலு விரல் உயரத்துக்குக் காய்ந்த மணல், மேலே கசக்கிய வைக்கோல், நடுவில் சிறு குழி. அடியில் காய்ந்த வேப்பிலை போட்டால் பேன் குறையும். வைக்கோல் பூஞ்சணம் பிடித்த வாடை அடித்தால் அதைத் தொடவே வேண்டாம்.

3. முட்டை

சேவலோடு திரிந்த கோழியின் முட்டையாக, ஒரு கிழமைக்குள் இட்டதாக இருக்க வேண்டும். கழுவக்கூடாது. வெயில் காலத்தில் பன்னிரண்டு வைக்கும் கோழிக்கு மாரியில் எட்டு அல்லது ஒன்பது போதும். ஆசைப்பட்டுக் கூட வைத்தால் ஓரத்து முட்டைகளுக்கு வயிறு எட்டாது. கோழி முட்டைகளை அடிக்கடி உருட்டி மாற்றும். அதனால் குளிர்வது அந்த இரண்டு மூன்று முட்டை மட்டுமல்ல, முறைவைத்து எல்லா முட்டையும்தான். பொரித்த பிறகு மூன்று கிழமைக் குஞ்சுகள் எல்லாம் அதே சிறகுக்குள் அடங்க வேண்டும் என்பதையும் நினையுங்கள்.

இருட்டிய பிறகு எல்லா முட்டைகளையும் ஒரே நேரத்தில் வையுங்கள். பெரியவர்கள் இடிக்கு ஓர் இரும்புத் துண்டும் வைப்பார்கள். அதனால் கேடொன்றும் இல்லை.

4. இருபத்தொரு நாள்

மாரியில் ஆகக் கூடுதலான கவனம் இங்கேதான் வேண்டும். கோழி நாளுக்கு ஒரு தடவை, கால் மணி முதல் அரை மணி நேரம் இறங்கித் தின்று, குடித்து, எச்சமிட்டு, மண்ணில் புரண்டுவிட்டு வரும். மழைக்குள் அது வெளியே போனால் நனைந்த வயிற்றோடு வந்து முட்டைமேல் படுக்கும். முட்டை குளிரும், வைக்கோல் ஊறும். ஆகவே தீனும் தண்ணீரும் கூரைக்குள்ளேயே இருக்கட்டும். பக்கத்தில் ஓர் அகலமான பெட்டியில் மணலையும் ஆறிய அடுப்புச் சாம்பலையும் கலந்து வைத்தால் அதிலேயே புரளும். வெளியே ஒரு பிடி காய்ந்த மண் கிடைக்காத காலத்தில் பேனுக்கு இதைவிட நல்ல மருந்து இல்லை. இறங்கவே இறங்காத கோழியை நீங்களே மெல்லத் தூக்கி விடுங்கள். சிறகுக்குள் முட்டை மாட்டியிருக்கிறதா என்று பார்த்துத்தான் தூக்க வேண்டும்.

ஏழாம் நாள் இரவு, அட்டையில் ஓட்டை போட்டு, கைபேசி வெளிச்சத்தில் முட்டையைப் பிடித்துப் பாருங்கள். கரு பிடித்திருந்தால் நடுவில் ஒரு கரும்புள்ளியும் அதைச் சுற்றி எட்டுக்கால் பூச்சி போல சிவப்பு நரம்புகளும் தெரியும். உள்ளே வெறும் வெளிச்சமாக இருப்பதை எடுத்துவிடுங்கள். பதினெட்டாம் நாளுக்குப் பிறகு முட்டைகளைத் தொட வேண்டாம்.

5. பொரிக்கும் நாள்

ஓடு கொத்தியதிலிருந்து குஞ்சு வெளியே வர ஒரு நாள்கூடப் பிடிக்கும். இரக்கப்பட்டு ஓட்டை உரிக்காதீர்கள். இரத்தம் உள்ளே வற்றுவதற்கு முன் உரித்தால் குஞ்சு செத்துப்போகும். வயிற்றில் மஞ்சட்கரு இருப்பதால் முதல் நாள் தீன் தேவையில்லை.

6. குஞ்சுகள்

உமியை இரண்டு மூன்று அங்குலம் பரப்பி, தாயையும் குஞ்சுகளையும் கரப்புக்குள் (கோழி அடைக்கும் கூடைக்குள்) விடுங்கள். நம் பக்கம் ஆலைகளில் உமிக்குப் பஞ்சமில்லை. நனைந்த இடத்தை அன்றன்றே அள்ளி மாற்றுங்கள். தண்ணீர் வைக்கும் தட்டில் கூழாங்கற்கள் போட்டால் குஞ்சு விழுந்து நனையாது. கடைக் குஞ்சுத்தீன் நல்லது. அதோடு அரிசிக் குறுணலும் கறையானும் போடலாம்.

முதல் மூன்று கிழமைக்கு மழை நாளில் வெளியே விடவே வேண்டாம். வெயில் எறித்து, புல் காய்ந்த பிறகு திறந்து விடுங்கள். ஈரப்புல்லில் தாயின் பின்னால் ஓடும் குஞ்சுக்கு வயிறெல்லாம் நனைந்துவிடும். நனைந்து விறைத்த குஞ்சைத் துணியால் ஒற்றி, அட்டைப்பெட்டியில் வையுங்கள். வெந்நீர்ப் போத்தலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வைத்தால் போதும். இப்போதைய எல்ஈடி பல்பில் குஞ்சைக் காயவைக்கும் அளவுக்குச் சூடு வராது, அதை நம்ப வேண்டாம். குஞ்சு தெளிந்து கத்தத் தொடங்கியதும் தாயின் சிறகுக்குள் விட்டுவிடுங்கள்.

எச்சத்தில் இரத்தம் கண்டால் அது ஈர உமியில் பெருகும் இரத்தக் கழிச்சல். நாட்டு வைத்தியம் பார்த்து நாளைக் கடத்தாமல் மிருக வைத்தியரிடம் மருந்து வாங்கித் தண்ணீரில் கலந்து கொடுங்கள். நுளம்பு கூடினால் கோழியம்மையும் வரும், இரவில் கரப்பின் மேல் பழைய நுளம்பு வலையைப் போடுங்கள். அம்மைக்கும், ராணிக்கெட் என்ற கொள்ளை நோய்க்கும் தடுப்பூசி உண்டு. எந்த வயதில் போடுவது என்று அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆறு முதல் எட்டுக் கிழமைக்குள் தாய் குஞ்சுகளைக் கொத்தி விரட்டத் தொடங்கும். அதற்குள் இறகு முளைத்திருக்கும், சூடு தேவைப்படாது. ஆனால் மழை ஓயும்வரை இரவில் மரத்தில் ஏறவிடாமல் கூட்டில் அடையுங்கள். தாய் அப்புறம் சில நாளில் மறுபடி முட்டையிடத் தொடங்கிவிடும்.