ஓ.டி. திடீரென்று நின்றுபோனால்: சிறுதொழில் செய்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருப்பூரில் சனிக்கிழமை என்றால் கூலி. கட்டிங், தையல், செக்கிங், பேக்கிங் என்று எல்லோருமே வாரக் கூலிக்காரர்கள். சில ஆண்டுகளுக்கு முன்பு, வங்கி வேலை செய்யும் ஒரு முதல் சனிக்கிழமை அன்று, இருபத்து மூன்று பேருக்கான கூலிப் பணத்தை எடுக்கப் போன எங்கள் கணக்கர் வெறுங்கையோடு திரும்பி வந்தார். ஓ.டி. (ஓவர்டிராஃப்ட்), அதாவது கணக்கில் இருப்பு இல்லாவிட்டாலும் ஓர் அளவு வரை எடுத்துக்கொள்ள வங்கி தரும் கடன். அதில் எங்கள் லிமிட் 40 லட்சம் ரூபாய். அன்று வரை எடுத்திருந்தது 31 லட்சம். மீதி 9 லட்சம் இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருந்தோம். கவுண்டரில் சொன்னது, எடுக்கக்கூடிய தொகை பூஜ்யம். திங்கட்கிழமை நூல் வியாபாரிக்குக் கொடுத்த செக்கும் திரும்பியது.

எங்களுக்குக் கடிதம் வரவில்லை, போனும் வரவில்லை. அந்த வாரம் முழுவதும் வங்கியின் மேல் எனக்கு இருந்த கோபம் நியாயமானதுதான் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனால் அந்தக் கோபத்தை நியாயம் என்று நிரூபிக்க என் கையில் ஒரு துண்டுக் காகிதம்கூட இருக்கவில்லை. அந்த அனுபவத்திலிருந்தும், பிறகு இதே நிலையில் மாட்டிக்கொண்ட தொழில் நண்பர்களோடு வங்கிக்கு நடந்ததிலிருந்தும் தெரிந்துகொண்டவற்றை இங்கே எழுதுகிறேன்.

முதல் தவறு, மேனேஜரின் வாய்வார்த்தையை நம்புவது. ஓ.டி.யாக இருந்தாலும் சி.சி. எனப்படும் ரொக்கக் கடனாக இருந்தாலும், லிமிட் பெரும்பாலும் 12 மாதத்துக்குத்தான் அனுமதிக்கப்படுகிறது. அதற்குள் புதுப்பிக்க வேண்டும். எங்கள் ரினியூவல் தேதி கடந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. தணிக்கை செய்த கணக்கையும் ஜி.எஸ்.டி. ரிட்டர்ன்களையும் நேரத்தோடு கொண்டுபோய்க் கொடுத்திருந்தோம். "வைத்துவிட்டுப் போங்கள், பார்த்துக்கொள்ளலாம்" என்றார் அப்போதிருந்த மேனேஜர். நல்ல மனிதர், எங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு வந்தவர். அவர் மாற்றலாகிப் போனார். புதிதாக வந்தவர் மேசையில் எங்கள் கோப்பு இல்லை. கொடுத்தோம் என்றோம். எப்போது கொடுத்தீர்கள், யார் வாங்கினார்கள், அத்தாட்சி எங்கே என்று கேட்டார். பதில் இல்லை. மேனேஜர்கள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாறிக்கொண்டே இருப்பார்கள். அவர்களோடு நமக்கு இருக்கும் பழக்கமும் அதே பஸ்ஸில் ஏறிப் போய்விடும். வங்கியில் தங்குவது காகிதம் மட்டும்தான்.

இதில் காலக்கெடுவும் உண்டு. உரிய தேதியிலிருந்து 180 நாட்களுக்குள் லிமிட் புதுப்பிக்கப்படாவிட்டால், கணக்கில் பணம் ஒழுங்காக வந்துபோனாலும் அது வாராக்கடன் ஆகிவிடலாம் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. நீங்கள் காகிதம் கொடுத்து வங்கி தூங்கினாலும், அடி விழுவது உங்கள் கணக்குக்குத்தான்.

அடுத்தது என்னை இன்னமும் உறுத்துகிற விஷயம், ஸ்டாக் ஸ்டேட்மென்ட். கையிலிருக்கும் சரக்கு, வர வேண்டிய பாக்கி இரண்டையும் காட்டி மாதா மாதம் வங்கிக்குக் கொடுக்க வேண்டிய கணக்கு அது. பெரும்பாலான யூனிட்டுகளில் போன மாதத்துத் தாளைத் திறந்து, தேதியை மாற்றி, நாலு எண்ணைக் கூட்டிக் குறைத்து அனுப்பிவிடுவார்கள். நாங்களும் அதைத்தான் செய்தோம். அதை வங்கியின் ஒரு சம்பிரதாயம் என்று நினைத்தோம். உண்மையில் நீங்கள் எடுக்கக்கூடிய தொகையை முடிவு செய்வது லிமிட் அல்ல, அந்தத் தாள்தான். அதிலிருந்து வருவதைத்தான் டிராயிங் பவர் என்கிறார்கள். லிமிட், டிராயிங் பவர் இரண்டில் எது குறைவோ அதுவரைதான் பணம் எடுக்க முடியும்.

எங்கள் கணக்கையே போட்டுக் காட்டுகிறேன். புதிய மேனேஜர் நேரில் வந்து குடோனைப் பார்த்தார். நூல், துணி, தைத்த சரக்கு எல்லாம் சேர்த்து 36 லட்சம். அதில் இன்னும் பணம் கொடுக்காத சரக்கு 12 லட்சம். அதைக் கழித்தால் 24. அதில் மார்ஜின், அதாவது நம் பங்கு என்று வங்கி கழித்துக்கொள்ளும் பகுதி, 25 சதவீதம் போக 18 லட்சம். வர வேண்டிய பாக்கி 32 லட்சம். ஆனால் அதில் ஒரே ஒரு பார்ட்டியின் 12 லட்சம் 90 நாளைத் தாண்டியிருந்தது. தாண்டிய பாக்கியை வங்கி கணக்கில் எடுக்காது. மிச்சம் 20 லட்சத்துக்கு 40 சதவீத மார்ஜின் போக 12 லட்சம். ஆக மொத்தம் 30 லட்சம். நாங்கள் எடுத்திருந்தது 31. ஒன்பது லட்சம் மிச்சம் இருக்கிறது என்று நாங்கள் நிம்மதியாக இருந்த இடத்தில், வங்கியின் ஏட்டில் நாங்கள் ஒரு லட்சம் கூடுதலாக எடுத்திருந்தோம். மார்ஜின் வங்கிக்கு வங்கி மாறும், கணக்குப் போடும் முறை இதுதான்.

இதில் கொடுமை என்னவென்றால், பெரிய பார்ட்டி பணத்தை இழுத்தடிக்கும்போது நமக்குக் கையில் காசு இருக்காது, ஓ.டி. அதிகம் தேவைப்படும். சரியாக அந்த நேரத்தில்தான் டிராயிங் பவர் குறையும். ஆகவே 90 நாள் நெருங்கும் பாக்கியை வசூல் விஷயமாக மட்டும் பார்க்காதீர்கள், உங்கள் ஓ.டி.யை அரிக்கும் கரையான் அது. உத்யம் என்ற அரசின் தொழில் பதிவு பெற்ற குறு, சிறு உற்பத்தியாளர்களுக்கு 45 நாளுக்குள் பணம் கொடுத்தாக வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டம் சொல்கிறது. தாமதமானால் வட்டியோடு கேட்கலாம், இப்படிப்பட்ட பாக்கித் தகராறுகளை விசாரிக்கும் வசதியாக்கக் கவுன்சிலில் மனு கொடுக்கலாம். பார்ட்டியை இழந்துவிடுவோமோ என்ற பயம் எனக்கும் புரிகிறது. வழக்கு வேண்டாம் என்றால், பெரிய நிறுவனங்களின் பில்களை முன்கூட்டியே பணமாக்கித் தரும் டிரெட்ஸ் தளங்கள் இருக்கின்றன. பார்ட்டி அதில் பதிவு செய்திருக்கிறாரா என்று ஒரு வார்த்தை கேட்பதில் யாருக்கும் மனவருத்தம் வராது.

ஸ்டாக் ஸ்டேட்மென்ட்டில் கூட்டி எழுதுவது பற்றி ஒரு வரி. இன்று வங்கிகள் அதை ஜி.எஸ்.டி. ரிட்டர்னோடு ஒப்பிட்டுப் பார்க்கின்றன. விற்பனை 20 லட்சம் காட்டிவிட்டுப் பாக்கி 60 லட்சம் என்று எழுதினால் மாட்டிக்கொள்வோம். பொய்யான தாள் என்று ஆகிவிட்டால், பிறகு நம் நியாயத்தைக் காது கொடுத்துக் கேட்க ஆளே இருக்காது.

விற்பனைப் பணத்தை வேறு வங்கிக்குத் திருப்புவது இன்னொரு தவறு. ஓ.டி.யில் போட்டால் வங்கி பிடித்துக்கொள்ளும் என்று பயந்து பலர் இதைச் செய்கிறார்கள். ஓ.டி. கணக்கில் 90 நாள் வரவே இல்லாவிட்டாலோ, வந்த பணம் அந்தக் காலத்து வட்டிக்கே போதாவிட்டாலோ அது ஒழுங்கற்ற கணக்கு, வாராக்கடன். எதற்குப் பயந்து திருப்பினோமோ அதையே வரவழைத்துக்கொள்கிறோம்.

இனி, ஓ.டி. நின்றுபோன பிறகு செய்யும் தவறுகள். அந்தப் பதற்றத்தில் செய்பவைதான் அதிகம் கெடுக்கின்றன.

என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ளாமலேயே சண்டைக்குப் போய்விடுகிறோம். பணம் எடுக்க முடியவில்லை என்ற ஒரே அறிகுறிக்குப் பின்னால் பல காரணங்கள் இருக்கலாம். டிராயிங் பவர் குறைந்திருக்கலாம். ரினியூவல் தேதி முடிந்திருக்கலாம். வங்கியே லிமிட்டைக் குறைத்திருக்கலாம், அல்லது கடன் முழுவதையும் திருப்பிக் கேட்டிருக்கலாம். கணக்கு வாராக்கடன் ஆகியிருக்கலாம். வங்கிக்குச் சம்பந்தமே இல்லாமல் ஜி.எஸ்.டி. பாக்கிக்காகத் துறை முடக்கியிருக்கலாம். யாரோ அனுப்பிய யு.பி.ஐ. பணம் மோசடிப் பணம் என்று சைபர் குற்றப் பிரிவு நிறுத்தி வைத்திருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் வழி வேறு.

நோட்டீஸ் கொடுக்க வேண்டுமா என்ற கேள்விக்குப் பதிலும் இதைப் பொறுத்ததுதான். லிமிட்டுக்கு மேல் எடுக்க விடுவதும், விதிகளை மீறிய கணக்கில் பணம் எடுப்பதைத் தடுப்பதும் வங்கியின் விருப்பம் என்று ஒப்பந்தத்திலேயே பெரும்பாலும் எழுதியிருக்கும். டிராயிங் பவர் குறைந்ததற்கு முன்னறிவிப்பு கேட்டு வாதாடுவது கடினம். ஆனால் கடனையே திருப்பிக் கேட்பதோ, கூடுதல் ஜாமீன் கேட்பதோ அப்படியல்ல. ஒப்பந்தத்தில் சொன்னபடியும், ஒப்பந்தத்தில் இல்லையென்றால் நியாயமான அவகாசத்தோடும் முன்னறிவிப்பு தர வேண்டும் என்று 2003-ஆம் ஆண்டு மே மாதம் ரிசர்வ் வங்கி வெளியிட்ட நேர்மையான கடன் நடைமுறை விதிகள் சொல்கின்றன. 'கேட்டவுடன் திருப்பித் தர வேண்டும்' என்று ஒப்பந்தத்தில் இருப்பதைக் காட்டி வங்கி பேசும். அந்த வரியை மட்டும் படிக்காமல் முழு ஒப்பந்தத்தையும் படியுங்கள். உங்களிடம் நகல் இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள். கடன் ஒப்பந்தத்தின் நகலை இணைப்புகளோடு கடனாளிக்குத் தர வேண்டும் என்பதும் அதே விதிகளில் இருக்கிறது.

நான் மூன்று நாள் மேனேஜர் அறைக்கு வெளியே உட்கார்ந்திருந்தேன். கெஞ்சினேன், ஒரு முறை சத்தமும் போட்டேன். ஒன்றும் நகரவில்லை. நான்காவது நாள் எங்கள் ஆடிட்டர் ஒரு பக்கக் கடிதம் எழுதிக் கொடுத்தார். என்றிலிருந்து நிறுத்தப்பட்டது, எந்த விதியின்படி, முன்னறிவிப்பு அனுப்பப்பட்டதா, அனுப்பியிருந்தால் நகல், டிராயிங் பவர் கணக்கிட்ட விவரம். இவ்வளவுதான் கேள்விகள். கடைசியில், தொழிலாளர் கூலிக்கு மட்டும் வாரம் இவ்வளவு தொகை விடுவிக்கும்படி ஒரு வேண்டுகோள். நகலில் கிளையின் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொண்டு, வட்டார அலுவலகத்துக்கும் பதிவுத் தபாலில் அனுப்பினோம். அடுத்த சனிக்கிழமைக்குள், கணக்கில் வரும் வசூலிலிருந்து கூலித் தொகையை எடுத்துக்கொள்ள அனுமதி வந்தது. என் கண்ணீருக்குக் கிடைக்காத பதில் அந்தக் காகிதத்துக்குக் கிடைத்தது.

அந்த இடைவெளியில் செக் எழுதாதீர்கள். லிமிட்டை நம்பிப் பின்னால் வரும் தேதி போட்டுக் கொடுத்த செக்குகள் இருந்தால், வாங்கியவர் ஒவ்வொருவரையும் நீங்களே அழைத்து நிலைமையைச் சொல்லுங்கள், வங்கியில் போடாமல் நிறுத்தி வைக்கச் சொல்லுங்கள். செலாவணி முறிச் சட்டத்தின் 138-ஆம் பிரிவு, பணம் இல்லாமல் திரும்பிய செக்குக்கு மட்டும் அல்ல, வங்கியோடு செய்துகொண்ட ஏற்பாட்டின் அளவை மீறியதால் திரும்பிய செக்குக்கும் பொருந்தும். செக் திரும்பிய தகவல் கிடைத்த 30 நாளுக்குள் அவர் நோட்டீஸ் அனுப்பலாம். அது கைக்கு வந்த 15 நாளுக்குள் நீங்கள் பணம் கொடுக்காவிட்டால் வழக்கு. இரண்டு ஆண்டு வரை சிறைத்தண்டனைக்கு இடம் உண்டு. பணம் இல்லாத நிலையில், செக்குக்குப் பணம் தர வேண்டாம் என்று வங்கிக்கு ஸ்டாப் பேமென்ட் கொடுத்துத் தப்பித்துவிடலாம் என்பதும் நடக்காது.

வங்கி தரும் புதிய காகிதங்களில் அவசரத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். "வீட்டுப் பத்திரத்தை வைத்துவிடுங்கள், நாளைக்கே திறந்துவிடுகிறோம்" என்பார்கள். திறந்துவிடும் தொகையும் தேதியும் அந்தக் காகிதத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இன்னொரு பக்கம் மீட்டர் வட்டிக்காரர் வாசலில் நிற்பார். மூன்று வட்டி என்றாலே ஆண்டுக்கு 36 சதவீதம். பனியன் தொழிலில் அந்த லாபம் எங்கே இருக்கிறது? கூலியை இரண்டு தவணையாகத் தருகிறேன் என்று தொழிலாளர்களிடம் நேரே சொன்னேன். வயதில் மூத்த தையல்காரர், "அண்ணா, முன்னமே சொல்லியிருக்கலாமே" என்றார். ஒருவரும் வேலையை விட்டுப் போகவில்லை.

நிலைமை உண்மையிலேயே மோசம் என்றால், கணக்கு வாராக்கடன் ஆகும் முன்பே ஒரு கதவு இருக்கிறது. 25 கோடி ரூபாய் வரை கடன் உள்ள குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கு ரிசர்வ் வங்கி 2016 மார்ச்சில் ஒரு மறுவாழ்வு நடைமுறை கொண்டுவந்தது. தவணையையும் லிமிட்டையும் மாற்றி அமைக்க வங்கியின் குழுவிடம் நீங்களே விண்ணப்பிக்கலாம். இது வங்கிகளைக் கட்டுப்படுத்தும் என்று ப்ரோ நிட்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2024 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. அதே தீர்ப்பில், உரிய சான்றுகளோடு உரிய நேரத்தில் கேட்க வேண்டியது கடனாளியின் பொறுப்பு என்றும், சொத்தை எடுக்கும் கட்டம் வரை பேசாமல் இருந்துவிட்டுப் பிறகு கேட்க முடியாது என்றும் சொல்லிவிட்டது. ஜாமீன் சொத்தை வங்கி எடுத்துக்கொள்ள வழிசெய்யும் சர்ஃபேசி சட்டத்தின் 60 நாள் நோட்டீஸ் வந்த பிறகும் ஆட்சேபம் எழுதலாம், வங்கி 15 நாளில் பதில் சொல்ல வேண்டும். ஆனால் அந்தக் கட்டத்துக்கு வழக்கறிஞர் இல்லாமல் போகாதீர்கள்.

குறைதீர்ப்பாளரிடம் போவதிலும் ஒரு தவறு நடக்கிறது. வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுத்து 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தியாக இல்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரை அணுகலாம். அங்கே போய் "என் லிமிட்டைக் குறைத்தது அநியாயம்" என்று எழுதினால், அது வங்கியின் வணிக முடிவு என்று தள்ளிவிட வாய்ப்பு அதிகம். முன்னறிவிப்பு தரவில்லை, காரணம் கேட்ட கடிதத்துக்குப் பதில் இல்லை, ஒப்பந்த நகல் தரவில்லை என்று, வங்கி செய்யத் தவறியதை எழுதுங்கள்.

எங்கள் லிமிட் இரண்டு மாதம் கழித்துப் புதுப்பிக்கப்பட்டது, 40 அல்ல, 32 லட்சமாக. நூல் வியாபாரி நோட்டீஸ் அனுப்பவில்லை, மூன்று தவணையில் வாங்கிக்கொண்டார். ரினியூவல் தேதிக்கு மூன்று மாதம் முன்பே நாள்காட்டியில் சிவப்பு மையால் வட்டம் போட்டு வைக்கிறேன். ஸ்டாக் ஸ்டேட்மென்ட்டை ஒவ்வொரு மாதமும் குடோனில் நின்று எண்ணித்தான் எழுதுகிறோம். புதுக் கணக்கரிடம் முதல் நாளே ஒரு வேலை சொல்லிக்கொடுத்தேன்: வங்கிக்கு எதைக் கொண்டுபோனாலும் இரண்டு பிரதி, ஒன்றில் முத்திரை வாங்காமல் அங்கிருந்து கிளம்பக் கூடாது.