ஸ்கேலை ஓட்டினால் மெட்டு ஆகிவிடுமா?

சி, ஏ மைனர், எஃப், ஜி. இந்த நான்கு கார்டுகளின் (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கொத்துகளின்) மேல் ஒரு மாதம் கிட்டாரில் சி மேஜர் ஸ்கேலை (சி-யில் தொடங்கும் ஏழு சுர வரிசையை) ஏற்றி இறக்கிப் பார்த்தேன். ஒரு சுரமும் தப்பில்லை. ஆனாலும் சாதகம் செய்கிற சத்தம்தான் வந்தது. சி கார்டு ஒலிக்கையில் எஃப் சுரத்தில் நின்றால் காதை உறுத்தியது. கார்டுக்குள் இருக்கும் ஈ சுரத்தோடு அரைச்சுர இடைவெளியில் மோதுகிறதே!

கடைசியில், கார்டு மாறும் முதல் தட்டில் அதன் மூன்றாம் சுரத்தை (கார்டின் பெயர்ச் சுரத்தை ஒன்றாக வைத்து ஸ்கேலில் எண்ணினால் மூன்றாவதாக வருவதை) மட்டும் வைத்தேன்: ஈ, சி, ஏ, பி. முதல் கம்பி திறந்தபடி (விரல் அழுத்தாமல்), இரண்டாம் கம்பியில் முதல் ஃபிரெட் (கிட்டார் கழுத்தின் குறுக்குக் கட்டம்), மூன்றாவதில் இரண்டாம் ஃபிரெட், மறுபடி இரண்டாம் கம்பி திறந்தபடி. கை இடம் மாறவே வேண்டியதில்லை. இடைவெளிகளை முணுமுணுத்தே நிரப்பினேன். உறுத்திய எஃப் அங்கே கடந்துபோகும் சுரமாக இனித்தது. ஜி கார்டில் மட்டும் பாதித் தாளத்தை மௌனமாக விட்டேன்.