சதுரக் குழாய்ச் சட்டகத்தை ஃப்ரீகேடில் துண்டு துண்டாக வரைந்து இணைக்கும் முறை

குழாய்ச் சட்டகம் வரையத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் முழுச் சட்டகத்தையும் ஒரே திடப்பொருளாக வரைந்துவிடுகிறார்கள். திரையில் அது நன்றாகவே தெரியும். ஆனால் ரம்பத்தின் முன் நிற்பவருக்கு எந்தத் துண்டை எந்த நீளத்தில் வெட்டுவது என்று அந்த வரைபடம் சொல்லாது. ஆகவே, பட்டறையில் தனியாக வெட்டப்படும் ஒவ்வொரு துண்டையும் கணினியிலும் தனிப் பொருளாகவே வரைய வேண்டும். கணினியில் முப்பரிமாண வரைபடம் வரையும் இலவச மென்பொருளான ஃப்ரீகேடில், துண்டுகளை இணைப்பதற்கான அசெம்பிளி பகுதி 2024 நவம்பரில் வெளிவந்த 1.0 பதிப்பிலிருந்து உள்ளிணைந்தே வருவதால், அந்தப் பதிப்போ அதற்குப் பிந்தையதோ போதுமானது.

1200 மி.மீ. நீளம், 600 மி.மீ. அகலம், 750 மி.மீ. உயரம் கொண்ட மேசைச் சட்டகத்தை 40 × 40 × 2 மி.மீ. சதுரக் குழாயில் செய்வதாகக் கொள்வோம். மென்பொருளைத் திறக்கும் முன் நீளங்களைத் தாளில் கணக்கிடுங்கள். மேல்வளையத்தின் நான்கு மூலைகளும் 45 டிகிரி சாய்வெட்டில் சேர்வதால், அதன் துண்டுகள் வெளிவிளிம்பில் 1200 இரண்டு, 600 இரண்டு. கால்கள் வளையத்தின் அடியில் நிற்பதால் அவற்றின் நீளம் 750 அன்று, 710; தொடக்கத்தில் மிகுதியாக நேரும் பிழை இதுதான். கால்களுக்கிடையே 520 நீளத்தில் இரண்டு குறுக்குத் துண்டுகளும், அவற்றின் நடுவை இணைக்கும் 1120 நீளத் துண்டு ஒன்றும் வரும். இந்த அளவுகளை ஃப்ரீகேடின் ஸ்ப்ரெட்ஷீட்டில் பதிந்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் கொடுத்து, வரையும்போது எண்ணுக்குப் பதில் அந்தப் பெயரையே இட்டுவிட்டால், பின்னர் அளவை மாற்றும்போது எல்லாத் துண்டுகளும் சேர்ந்தே மாறும்.

இப்போது, தனித் துண்டுகளை வரையும் பகுதியான பார்ட் டிசைனில் புதிய பாடி (ஒரு தனித் திடப்பொருள்) ஒன்றை உருவாக்கி, ஒய்-இசட் தளத்தில் மையம் பொருந்திய இரு சதுரங்களை, 40, 36 பக்க அளவுகளில் வரையுங்கள். உண்மையான குழாயின் மூலைகள் கூர்மையாக இருப்பதில்லை என்பதால், வெளியே 4, உள்ளே 2 மி.மீ. ஆரத்தில் வளைவு கொடுங்கள். கூர்மூலையாகவே விட்டால் எடைக் கணக்கு ஏறத்தாழ 3 சதவீதம் கூடிவிடும். இந்த ஸ்கெட்சை (தட்டை வரைபடத்தை) இருபுறமும் சமமாக நீளும்படி 1200க்கு பேட் செய்யுங்கள், அதாவது திடப்பொருளாக நீட்டுங்கள்.

சாய்வெட்டுக்கு எக்ஸ்-ஒய் தளத்தில் இரு முனைகளிலும் 40 × 40 செங்கோண முக்கோணம் வரைந்து, குழாய் முழுவதையும் ஊடுருவும்படி பாக்கெட் செய்யுங்கள், அதாவது அந்த வடிவத்தில் வெட்டி நீக்குங்கள். ஸ்கெட்சைக் குழாயின் முகத்தில் ஒட்டாமல் மூலத் தளத்தில் வைப்பது நல்லது, ஏனெனில் நீளத்தை மாற்றும்போது முகங்களின் பெயர்கள் மாறி ஸ்கெட்ச் இடம்பெயர்ந்துவிட வாய்ப்புண்டு. மற்ற துண்டுகளையும் இவ்வாறே வரையலாம். சாய்வெட்டு இல்லாதவற்றுக்குப் பேட் மட்டுமே போதும்.

இணைக்கும்போது நீளத் துண்டு ஒன்றை முதலில் அசையாமல் நிலைநிறுத்தி, அடுத்த துண்டின் சாய்முகத்தை அதன் சாய்முகத்தோடு ஃபிக்ஸட் ஜாயின்டால் (இரு துண்டுகளையும் அசையாமல் பூட்டும் இணைப்பால்) பொருத்துங்கள். தலைகீழாக அமர்ந்தால் திசையை மாற்றிக்கொள்ளலாம். வளையத்துக்கு மூன்று ஜாயின்டுகளே போதும். நான்காவது மூலையில் ஜாயின்ட் போடாமல் விட்டுப் பாருங்கள்: நீளங்கள் சரியென்றால் அது தானாகவே இடைவெளியின்றி மூடிக்கொள்ளும், மூடவில்லையென்றால் ஏதோ ஒரு துண்டின் அளவு தவறு. வேண்டுமென்றே நான்காவதையும் பூட்டினால் இந்தச் சோதனையை இழந்துவிடுவோம். கால் ஒன்றையே நான்கு முறை செருகி, வெளிமுகங்கள் வளையத்தோடு ஒரே தளத்தில் அமையுமாறு இடப்பெயர்ச்சி அளவைக் கொடுங்கள்.

வளையத்தின் எதிரெதிர் வெளிமூலைகளுக்கிடையே இரு மூலைவிட்டங்களும் 1341.6 மி.மீ. வர வேண்டும். பற்றவைக்கும் முன்பு நாடாவால் அளக்க வேண்டியதும் இந்த எண்ணைத்தான். எஃகுக் குழாயானால் மீட்டருக்கு 2.31 கிலோ வீதம் சட்டகத்தின் எடை 19.5 கிலோவுக்கு அருகில் அமையும்.

6 மீட்டர் குழாய்கள் இரண்டு தேவைப்படும். முதல் குழாயில் 1200 இரண்டு, 1120 ஒன்று, 710 மூன்று என்று வெட்டினால் 5650 மி.மீ. செலவாகும், எஞ்சும் 350 மி.மீ., ஒவ்வொரு வெட்டிலும் ரம்பம் தின்னும் இரண்டு மூன்று மில்லிமீட்டருக்குத் தாராளமாகப் போதும். மீதமுள்ள ஒரு கால், இரண்டு 600, இரண்டு 520 ஆகியவை இரண்டாவது குழாயின் பாதிக்குள் அடங்கிவிடும்.